முன்வரிசைக் கதிரை எனக்கு வேண்டாம்

என் பிள்ளைக்கு,

இதை உன் விலாசத்துக்கே அனுப்பியிருக்கலாம். வேலைக்குப் போகிற வழியில் முத்திரை ஒட்டிப் பெட்டிக்குள் போட்டிருந்தால் மறுநாள் உன் கையில் கிடைத்திருக்கும். ஆனால் போன சனிக்கிழமை நீ சித்தப்பாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு வந்து, மற்றவர்களுக்கு முன்னால் வைத்துத்தான் என்னோடு கதைத்தாய். கதைத்தது நீயும் இல்லை, சித்தப்பா. நீ ரிவியில் ஓடிய கார்ப் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆகவே நானும் மற்றவர்களுக்கு முன்னாலேயே பதில் சொல்கிறேன். இந்த இதழை நடத்துகிற தம்பி, பெயர் இல்லாமல் போடுகிறேன் அம்மா என்றார். பெயர் போட்டாலும் எனக்குப் பயமில்லை. உனக்காகத்தான் சரி என்றேன். இது அச்சாகி வரும்போது உன் கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்.

சித்தப்பா கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதும் கெட்ட வார்த்தை இல்லை. "அண்ணி, உங்களுக்கு முன்வரிசையில நடுக் கதிரை. வாற சனம் எல்லாம் முதல் உங்களிட்டத்தான் வருவினம். மணவறைக்கு மட்டும் நானும் இவவும் ஏறுறம். பாலறுகையும் இவ தொடக்கி வைக்கட்டும். உங்களுக்கு ஒரு மரியாதைக் குறைவும் வராது" என்றார். சித்தி தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னைப் பலகையில் இருத்தி, பாலும் அறுகம்புல்லும் அள்ளித் தலையில் வைத்துத் தோய வார்ப்பார்களே, அந்தப் பாலறுகுக்கு நான் வரக் கூடாதாம். நான் உன்னைப் பார்த்துக் கேட்டேன், தம்பி, நீ என்ன சொல்லுறாய் என்று. நீ, "ஒரு நாள்தானே அம்மா. சனம் கதைக்கும்" என்றாய். உங்கள் மூவருக்கும் பிட்டும் கத்தரிக்காய்க் கறியும் போட்டு அனுப்பினேன். நான் பேசாமல் இருந்ததை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனீர்கள் என்பது, மறுநாள் சித்தி எடுத்த போனில்தான் விளங்கியது. மணவறைக்கு என்ன நிறத்தில் சேலை கட்டுவது என்று என்னையே கேட்கிறார்.

அப்பா போய்ப் பதின்மூன்று மாதம். தங்கச்சியும் யூனிவர்சிட்டிக்கென்று வெளியூர் போய்விட்டாள். இந்த வீட்டில் கடிதம் வாசிக்கிறவர் அவர்தான் என்பது உனக்குத் தெரியும். கவுன்சிலில் இருந்து வந்தாலும் காஸ்காரனிடம் இருந்து வந்தாலும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்துத் தமிழில் சொல்லுவார். பாதியைத் தானே சேர்த்துச் சொல்லுவார். "கவுன்சில்காரன் உன்னைச் சுகம் கேட்டு எழுதியிருக்கிறான்" என்பார். எனக்குப் பொய் என்று தெரியும், ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது கடிதங்கள் ரிவிக்கு மேலே உடைக்காமல் கிடக்கின்றன. நீ வருகிற ஞாயிறுகளில் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் வாசித்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று பிரித்து வைத்துவிட்டுப் போகிறாய். அது உதவிதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் என்னைச் சுகம் கேட்டு யாரும் எழுதுவதில்லை.

அவருடைய செத்தவீட்டில் பெண்கள் என்னைச் சுற்றி நின்று தாலியைக் கழற்றினார்கள். பொட்டை அழித்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு ஒன்றும் சொல்ல எனக்குத் தென்பு இருக்கவில்லை. சொல்லவில்லை என்ற ஒன்றை வைத்துக்கொண்டு, இனி வருகிற எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டுவேன் என்று நினைத்துவிட்டீர்கள். அது பிழை.

நான் வேலை செய்கிற சீனக் கடையைப் பற்றி உன்னோடு நான் அதிகம் கதைத்ததில்லை. உனக்கு அது வெட்கம். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த மறு வருடம், நீ ஏ லெவல் படிக்கும்போது, நான் அங்கே இறால் உரிக்கத் தொடங்கினேன். உன் சிநேகிதர்கள் வந்தால், அம்மா முதல் குளித்துவிட்டு வாங்கோ என்பாய். அப்பாவுக்கும் வெட்கம். சொந்தக்காரர் கேட்டால், ரெஸ்ரோறண்டில் வேலை என்று மட்டும் சொல்லுவார். ரெஸ்ரோறண்ட் என்ன, மிச்சம் என்கிற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை. முன்னால் ஒரு மேசை, இருக்க இரண்டு வாங்கு. சனம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும். பின்னால் குசினி. மேல் மாடியில் முதலாளியின் வீடு. முதலாளி ஒரு பெண். மிஸிஸ் லாம் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். ஹொங்கொங் பக்கத்தில் ஒரு கிராமம். புருசன் செத்து அப்போதே ஆறு வருடம். ஒரே மகன், டேவிட். உன் வயதுதான்.

உன்னையும் தங்கச்சியையும் ஏசும்போதெல்லாம் அப்பா ஒன்று சொல்லுவார். சீனனைப் பாருங்கோ, தாய் தகப்பனைக் கும்பிடுகிற சாதி, அதுதான் அவன் முன்னேறுகிறான் என்பார். அவர் ஒரு சீனரோடும் கதைத்தது கிடையாது. எங்கேயோ வாசித்திருப்பார். நான் பத்து வருடம் அவர்களோடு நின்று முட்டைக்கோவா வெட்டினேன், நான் சொல்கிறேன், கேள். அந்தக் கடையில் பின்னேரம் நாலு மணிக்கு, கடை திறக்க முதல், எல்லோரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவோம். இளையவர்கள் வயது வரிசையில் ஒவ்வொரு மூத்தவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டுத்தான் தாங்கள் வாயில் வைக்கலாம். அது அவர்களுடைய வழக்கம். முதல் நாள் எனக்குத் தெரியாமல் நான் குசினி மூலையில் சோற்றுக் கோப்பையோடு நின்றேன். எங்கள் வீட்டில் நான் எப்போதும் அப்படித்தானே சாப்பிட்டேன், எல்லோரும் எழும்பின பிறகு, நின்றுகொண்டு. மிஸிஸ் லாம் டேவிட்டுக்கு ஏதோ உறுக்கிச் சொன்னார். அவன் எழும்பி, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, ஆன்டி, சோறு சாப்பிடுங்கோ என்று என்னைக் கூப்பிட்டான். அவனுக்குப் பிரியமே இல்லை. ஆனாலும் நான் போய் இருக்கும் வரைக்கும் அவன் சாப்பிடவில்லை. நாற்பது வயதில்தான் ஒருவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு, நான் வரும் வரைக்கும் காத்திருந்தார்.

இதைச் சொன்னதும் அப்பா சொன்னதுதான் சரி என்று நினைக்காதே. டேவிட் யூனிவர்சிட்டி போனான், கொம்பியூட்டர் வேலைக்குப் போனான், வேறு வீடு பார்த்துப் போனான். பிறகு அந்த மேசையில் கூப்பிட ஆள் இல்லை. சமையல்காரர் ஒருவர் மட்டும் கூப்பிடுவார், அவருக்கு ஐம்பத்தைந்து வயது. ஒரு முறை மிஸிஸ் லாம் என்னை ஒரு சேர்ச் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிழமையில் ஒரு நாள் வயது போன சீனர்களுக்கு அங்கே மதியச் சாப்பாடு. இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோருடைய மகனும் நல்ல மகன். ஒருவருடைய மகன் டாக்குத்தர், ஒருவருடைய மகன் இவ்வளவு பெரிய வீடு வாங்கியிருக்கிறான். ஒரு மகனையும் நான் அங்கே காணவில்லை. மிஸிஸ் லாமின் தங்கச்சி ஹொங்கொங்கில் பன்னிரண்டாம் மாடியில் தனியே இருக்கிறாவாம், பிள்ளைகள் இரண்டும் கனடாவில். புது வருடத்துக்கு அழகான வாழ்த்துக் காட் வருமாம், பொன் எழுத்தில், நீடூழி வாழ்க என்று. கிராமத்தில் இருந்த சொந்தங்களும் இப்போது அப்படித்தான் என்று சொன்னார். அவர்களும் எங்களைப் போலத்தான். மரியாதை வாயில் நிறைய இருக்கிறது. தாயை இருத்துகிற இடம்தான் இல்லை.

டேவிட்டுக்குக் கலியாணம் வந்தது. தொண்ணூறாம் ஆண்டு என்று நினைக்கிறேன். அவர்களுக்கு ஒரு சடங்கு இருக்கிறது. கலியாணத்தன்று காலையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் தாய் தகப்பனுக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, இரண்டு கையாலும் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டும். அவர்கள் குடித்தால்தான் பொம்பிளை அந்த வீட்டுப் பிள்ளை. டேவிட் அது பழங்காலம் என்று சொல்லிவிட்டான். ஹோட்டலில் இரவுச் சாப்பாடு கொடுக்கிறோம், அது போதும் என்றான். தாய் விடவில்லை. சரி என்று அவன் இறங்கி வந்தபோது அடுத்த பிரச்சினை வந்தது. மான்செஸ்டரில் இருந்து தகப்பனுடைய தமையனும் பெண்சாதியும் வந்தார்கள். புருசன் இல்லாதவள் நல்ல நாளில் பொம்பிளைக்கு முன்னால் இருக்கக் கூடாது, அந்த இரண்டு கதிரையிலும் நாங்கள் இருக்கிறோம் என்று பெண்சாதி சொன்னாராம். சமையல்காரர்தான் எனக்கு இங்கிலீசில் சொன்னார். இவர்களுக்குள்ளும் இது இருக்கிறதா என்று நினைத்தேன்.

அன்று காலை எனக்கும் வரச் சொல்லியிருந்தார். நான் எட்டு மணிக்குப் போனேன். மேல் வீட்டில் இரண்டு கதிரை போட்டுச் சிவப்புத் துணி விரித்திருந்தது. ஒன்றில் மிஸிஸ் லாம் சிவப்புச் சட்டையோடு இருக்கிறார். மற்றதில் புருசனுடைய படம். மிஸிஸ் லாமின் மடியில் ஒரு தட்டம். இரவு ஹோட்டல் சாப்பாடு இருந்தாலும் அவர் மறுநாள் கடைக்கு இறைச்சி வைத்து மாவுப் பொட்டலம் மடித்துக்கொண்டிருக்கிறார். மான்செஸ்டர்காரர் வந்தார்கள். வாசலில் நின்றார்கள். அந்தப் பெண் ஏதோ சொன்னார், கொஞ்சம் நீளமாகவே சொன்னார். மிஸிஸ் லாம் நிமிரவில்லை. நாலு சொல் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் போய்ச் சுவரோரமாக இருந்தார்கள். என்ன சொன்னீங்கள் என்று பிறகு கேட்டேன். அவருடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒரே அளவு, ஆகவே எங்களுக்குள் ஒன்றும் தவறிப் போவதில்லை. "உங்களுக்கு அந்தப் பக்கம் கதிரை இருக்கு எண்டு சொன்னன்" என்றார். அவ்வளவுதான்.

பொம்பிளை வந்ததும் தட்டத்தை என்னிடம் தந்துவிட்டுக் கையைத் துடைத்தார். டேவிட் புதுக் கோட்டோடு முழந்தாளில் இருந்தான். கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினான். அவன் தாயை ஏதோ கூப்பிட்டான். சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி என்று சமையல்காரர் சொன்னார். மிஸிஸ் லாம் குடித்தார், முழுவதும் குடித்தார். பிறகு படத்துக்கு முன்னாலும் ஒரு கோப்பை வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு டேவிட் தங்கமாக மாறிவிட்டான் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மூன்று மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை வருவதும் குறைந்தது. ஒரு கோப்பைத் தேத்தண்ணீரால் ஒரு பிள்ளையைத் திருத்த முடியாது. ஆனால் அந்தக் கதிரையில் அவர் இருந்தார். தந்தால் இருப்போம் என்று அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை.

இதை ஏன் அன்றைக்கே வந்து உங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்ல எனக்கு வாய் இருக்கவில்லை. அதற்கு இரண்டு வருடத்துக்கு முதல் நான் ஒன்று செய்திருந்தேன். அதை நீயும் பார்த்தாய். இப்போது எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன்.

உன் தங்கச்சி பெரிய பிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கு. அப்பாவின் அக்கா, உன் மாமி, எங்களோடு இருந்தார். அவருக்கு இருபத்தெட்டு வயதில் புருசன் போனது. அப்பாவை வளர்த்து ஆளாக்கியது அவர்தான், தாய் இல்லை. சடங்குக்கு ஒரு கிழமையாக அவர்தான் பலகாரம் சுட்டார். தங்கச்சிக்குச் சேலை கொய்து கட்டிவிட்டதும் அவர்தான், எனக்கு அந்தக் கொசுவம் வராது. ஆரத்தி எடுக்கிற நேரம் ஹோலுக்குள் வந்து ஒரு ஓரமாக நின்றார். சனம் பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் போய், "மச்சாள், ஒரு ஐஞ்சு நிமிசம் உள் அறைக்குள்ள இருங்கோ" என்றேன். "ஓம் ஓம், எனக்குத் தெரியாதே" என்று சொல்லிக்கொண்டு போனார். எனக்கு வெட்கம் வரக் கூடாது என்று சிரித்துக்கொண்டே போனார். அந்த அறைக் கட்டிலில்தான் வந்தவர்களுடைய கோட்டு எல்லாம் குவித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்தார். படம் எடுத்தார்கள், சாப்பாடு நடந்தது, நான் அவரை மறந்துபோனேன். ஐந்து நிமிடம் இல்லை, இரண்டரை மணித்தியாலம். கோட்டு எடுக்கப் போன ஒரு பெண் வந்து, உள்ளே ஒரு அம்மா இருட்டுக்குள் இருக்கிறா என்றார். நீதான் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனாய். திரும்பி வந்து, ஏனம்மா மாமி உள்ளே இருக்கிறா என்று கேட்டாய். இது பொம்பிளைகளின் விசயம், உனக்கு விளங்காது, போ என்றேன்.

அவர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மறு வருடம் கனடாவில் இருந்த தம்பியிடம் போனார். அங்கேயே காலமானார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. போனில் கதைக்கும்போதெல்லாம் சுகம் கேட்டேன், குளிர் எப்படி என்று கேட்டேன், அதை மட்டும் கேட்கவில்லை. மிஸிஸ் லாம் கதிரையில் இருந்ததைப் பார்த்த அன்று நான் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தது அதற்குத்தான். மூக்கு ஒழுகுகிறது, எனக்குத் தடிமன் என்று அப்பாவிடம் சொன்னேன். ஆகவே நீ என்னிடம், நீங்களும் அப்படித்தானே செய்தீர்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் இருக்கிறது. ஓம், செய்தேன். சனம் ஒன்றும் சொல்லாமலே, சனத்துக்காக நான் செய்தேன். செய்தபடியால்தான் அது என்ன என்று எனக்குத் தெரியும். இப்போது எனக்கும் அதைச் செய்ததால் சரிக்குச் சரி ஆகிவிட்டது என்று நான் பேசாமல் இருந்துவிட்டால், நாளைக்கு உன் தங்கச்சிக்கும் உன் பெண்சாதிக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடம் வைப்பீர்கள்.

சித்தப்பா, பெண் வீட்டார் மனம் நோவார்கள் என்றார். நான் திங்கட்கிழமை கிங்ஸ்பரியில் இருக்கிற பெண் வீட்டுக்குப் போன் எடுத்தேன். சம்பந்தியம்மாவிடம் நேரே கேட்டேன். நான் மணவறைக்கு ஏறினால் உங்களுக்கு ஏதும் குறையோ, உள்ளதைச் சொல்லுங்கோ என்றேன். "ஐயோ, நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. உங்கட பக்கத்தில அப்படிப் பாக்கிறனீங்களோ எண்டுதான் நாங்கள் பேசாமல் இருந்தது" என்றார். பார், தம்பி. அவர்கள் எங்களுக்குப் பயம், நாங்கள் அவர்களுக்குப் பயம். நடுவில் சொன்னவர் யார் என்று தேடினால் ஒருவரும் இல்லை. ஐயர் ஏதும் சொல்லுவார் என்றால் அவரோடும் நான் கதைக்கிறேன். அவர் மந்திரத்தை நிறுத்தத் தேவையில்லை.

நீ கெட்ட பிள்ளை இல்லை. உன்னைப் பெற்ற எனக்கு அது தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் நீ லீவு போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாய், அவருக்குச் சவரம் செய்துவிட்டாய். ஆனால் நல்ல பிள்ளைகள்தான் இப்படிச் சொல்லுகிறார்கள், ஒரு நாள்தானே அம்மா என்று. எனக்கு அந்த ஒரு நாள்தான் வேண்டும். மற்ற நாளெல்லாம் நான் தனியே இருந்துகொள்வேன். இறால் உரித்து என் வாடகையை நான் கட்டுகிறேன். உன் வீட்டில் எனக்கு ஒரு அறை வேண்டும் என்று நான் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். உன் பெண்சாதி எனக்குச் சமைத்துப் போட வேண்டாம். முன்வரிசையில் என்னை இருத்திச் சனத்தைக் கொண்டு கும்பிட வைக்க வேண்டாம். அந்தக் கதிரையில் சித்தப்பா இருக்கட்டும், அவருக்கு முழங்கால் வருத்தம்.

அன்றைக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று வேண்டாம். நான் அரக்குச் சேலை கட்டுவேன். அலுமாரியில் இருந்து எடுத்து அயர்ன் பண்ணிவிட்டேன். பொட்டு வைப்பேன், சிவப்பில்தான். காலை ஐந்தரைக்கு நான் மண்டபத்தில் நிற்பேன். பாலையும் அறுகையும் நானே கலப்பேன், சித்தி எனக்குப் பிறகு வைக்கட்டும், மாமா வைக்கட்டும், யார் வேண்டுமானாலும் வைக்கட்டும். முதல் கை என்னுடையது. மணவறையில் உன் தகப்பன் நிற்க வேண்டிய பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு நான் மற்றப் பக்கத்தில் நிற்பேன். யாராவது வந்து என் கையைப் பிடிப்பார்கள், அண்ணி வேண்டாம் என்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்வேன். நீ ஒரு வார்த்தையும் கதைக்கத் தேவையில்லை. பலகையை விட்டு எழும்பாமல் இரு.

அம்மா